மருத்துவமனைக்குள் பிரெஃபெக்சர் இல்லை

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அக்கா, எனக்கு வயது 31. சொந்த ஊர் தஞ்சாவூர்ப் பக்கம். பிரெஞ்சுப் பள்ளி ஒன்றில் ஆங்கில உதவி ஆசிரியையாக வந்தேன். அப்புறம் பாரிஸ் புறநகரில் ஒரு தனியார் நிறுவனத்தில் ஒப்பந்தத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தேன். மாதம் 1,400 யூரோ. என் வதிவிட அட்டை செப்டம்பர் 30-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. புதுப்பிக்க இணையத்தில் விண்ணப்பித்திருக்கிறேன். ‘பரிசீலனையில் உள்ளது’ என்பதைத் தவிர வேறு எந்தத் தாளும் வரவில்லை. தாள் இல்லை என்று நிறுவனமும் வேலையை நிறுத்திவிட்டது. இப்போது வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்கு ட்யூஷன் எடுக்கிறேன். ஆறு வாரமாக இடது மார்பில் ஒரு கட்டி தட்டுப்படுகிறது. வலி இல்லை. மருத்துவமனைக்குப் போனால் போலீசுக்குச் சொல்லிவிடுவார்கள் என்று கூட இருப்பவர்கள் பயமுறுத்துகிறார்கள். அண்ணன் ஊருக்கு வந்துவிடு என்கிறான். மருத்துவக் காப்பீட்டு அட்டையான கார்த் வித்தால் கையில் இருக்கிறது, வேலை செய்யுமா என்று தெரியவில்லை. என்ன செய்யட்டும்?
— பெயர் வேண்டாம், சேன்-சேன்-தெனி

பதில்: தங்கச்சி, முதலில் கார்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது செல்லும். வதிவிட அட்டை முடிந்த அன்றே மருத்துவக் காப்பீடும் முடிந்துவிடுவதில்லை. முடிந்த நாளிலிருந்து ஆறு மாதம் செக்யூரித்தே சோசியால் (சுருக்கமாகச் செக்யூ) என்ற அரசுக் காப்பீட்டின் உரிமை தொடரும். முன்பு இது ஒரு வருடமாக இருந்தது, 2020-லிருந்து பாதியாகக் குறைத்துவிட்டார்கள். உங்கள் கணக்குப்படி மார்ச் 31 வரை நீங்கள் காப்பீடு உள்ளவர். இன்றைக்கே இணையத்தில் உங்கள் காப்பீட்டுக் கணக்கான அமேலியைத் திறந்து, உரிமைச் சான்றிதழை இறக்கிப் பாருங்கள். அதில் முடிவுத் தேதி இருக்கும். தவறாக முன்கூட்டியே மூடியிருந்தால், செப்டம்பரில் முடிந்த அட்டையின் நகலோடு செக்யூ அலுவலகத்துக்குப் போய்த் திருத்தச் சொல்லுங்கள்.

கார்டு கையில் செல்லுபடியாக இருக்கும்போதே நீங்கள் ஆறு வாரம் காத்திருந்திருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் என் மனதை அறுத்தது அதுதான். உங்களைக் குறை சொல்லவில்லை, நானும் அப்படித்தான் கிடந்தேன்.

நான் காரைக்கால்காரி. காரைக்கால் என்றதும் பிரெஞ்சுக் குடியுரிமை இருக்கும் என்று எல்லோரும் நினைப்பார்கள். 1962-ல் அந்த வாய்ப்பு வந்தபோது என் தாத்தா எழுதிக்கொடுக்கவில்லை. அதனால் 2001-ல் நான் இங்கே வந்தது இந்தியப் பாஸ்போர்ட்டில், மாணவியாகத்தான். படிப்பு முடிந்து அட்டையும் முடிந்தது. ஒரு மொழிப்பள்ளியில் மாலை நேரத்தில் ஆங்கிலம் எடுத்தேன். கையில் காசு கொடுத்தார்கள், சம்பளச் சீட்டு இல்லை. 2004 ஜனவரியில் இருமலும் காய்ச்சலும் வந்தது. ஆறாவது மாடியில் கூரைக்குக் கீழே இருந்த அறையில், ஊரிலிருந்து கொண்டுவந்த பாராசிட்டமாலை வைத்துப் பதினோரு நாள் ஓட்டினேன். படி இறங்கினால் மூச்சு முட்டியது. அப்போதும் போகவில்லை. போலீஸ் வரும், விமானத்தில் ஏற்றிவிடுவார்கள் என்பதுதான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. கீழ்மாடியில் இருந்த யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் ரசம் கொண்டுவந்தவர், என் உதட்டின் நிறத்தைப் பார்த்துவிட்டு, “பிள்ளை, பொலிசுக்கும் டொக்டருக்கும் என்ன சம்பந்தம்? எழும்பு” என்று என் கோட்டை எடுத்து மாட்டிவிட்டார். நிமோனியா. ஒன்பது நாள் ஆக்சிஜன் குழாயோடு படுத்திருந்தேன். அந்த ஒன்பது நாளில் யாரும் என்னிடம் அட்டை கேட்கவில்லை. மூன்றாம் நாள் வந்த சமூகப் பணியாளர் கேட்டது என் பெயர், பிறந்த தேதி, எங்கே தங்கியிருக்கிறேன் என்பது மட்டும்தான். அதை வைத்து அவரே மருத்துவ உதவிக்கு விண்ணப்பம் எழுதினார்.

அதனால் சொல்கிறேன், மருத்துவமனைக்குள் பிரெஃபெக்சர், அதாவது வதிவிட அட்டை கொடுக்கும் அரசு அலுவலகம், இல்லை. மருத்துவர், செவிலியர், பதிவுமேசையில் இருப்பவர், சமூகப் பணியாளர் எல்லோரும் தொழில் ரகசியத்துக்குக் கட்டுப்பட்டவர்கள். அதை மீறினால் பிரெஞ்சுத் தண்டனைச் சட்டத்தின் 226-13-ஆம் பிரிவுப்படி ஓராண்டுச் சிறையும் 15,000 யூரோ அபராதமும் உண்டு. நீங்கள் போனதாக அவர்கள் எந்த அலுவலகத்துக்கும் எழுத வேண்டியதில்லை, எழுதவும் கூடாது.

இனி கட்டிக்கு வருவோம். இந்த வாரமே போங்கள். மகப்பேறு-பெண்நல மருத்துவரிடம் போக வேறொரு மருத்துவரின் கடிதம் தேவையில்லை. அங்கே நேரம் கிடைக்கத் தாமதமானால் சாஜ்-ஃபாமிடம் போகலாம். பிரசவம் பார்ப்பவர் என்று மட்டும் நினைக்காதீர்கள், மார்பைப் பரிசோதித்து மாமோகிராம் எழுதித்தரும் உரிமையும் அவருக்கு உண்டு. காசு பற்றிய கவலைக்கு நகராட்சியின் சுகாதார நிலையங்கள் நல்லவை. உங்கள் மாவட்டத்தில் அவை நிறைய. பொது மருத்துவர் கட்டணம் இப்போது 30 யூரோ. வெளியே போனால் முழுதாகக் கொடுத்துவிட்டு 19 யூரோவைத் திரும்பப் பெற வேண்டும். நகராட்சி நிலையத்தில் செக்யூவின் பங்கை முன்பணமாகக் கேட்கமாட்டார்கள். நேரம் குறிக்கப் போனில் பேசும்போது, “மார்பில் கட்டி, ஆறு வாரமாக இருக்கிறது” என்ற வாக்கியத்தை முதலிலேயே சொல்லுங்கள். பொதுப் பரிசோதனை என்று சொன்னால் இரண்டு மாதம் கழித்துத்தான் தேதி தருவார்கள்.

உங்கள் வயதில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை ஆபத்தில்லாதவை. இது உங்களைச் சமாதானப்படுத்திக் காத்திருக்க வைப்பதற்காகச் சொல்வதல்ல. அது எந்தக் கட்டி என்று கையால் தடவிப் பார்த்து உங்களாலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. ஸ்கேனும், தேவைப்பட்டால் ஊசியில் எடுக்கும் சதைப் பரிசோதனையும்தான் சொல்லும். வேறுவிதமாக வந்தால் மருத்துவர் நீண்டகால நோய் என்று எழுதிக்கொடுப்பார், அந்தச் சிகிச்சைக்குச் செக்யூ 100 சதவீதம் ஏற்கும்.

அப்புறம் மார்ச் 31. அதற்குள் பிரெஃபெக்சரிலிருந்து பரிசீலனை நீட்டிப்புச் சான்று வந்துவிட்டால், உடனே அதைச் செக்யூவுக்கு அனுப்புங்கள், உரிமை தொடரும். வராவிட்டால் உங்களுக்கு ஆ.எம்.எ., அதாவது அரசு மருத்துவ உதவி இருக்கிறது. 2000 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திட்டம் அது. தாள் இல்லாமல் மூன்று மாதத்துக்கு மேல் பிரான்சில் இருக்கும், வருமானமும் குறைந்தவர்களுக்கு உரியது. அதற்கான தாள்களை மார்ச் முதல் வாரத்திலேயே சேர்த்துவையுங்கள்: பாஸ்போர்ட், நீங்கள் இங்கே இருந்ததைக் காட்டும் வாடகை ரசீது, மின்கட்டண ரசீது போன்றவை, முகவரிச் சான்று, புகைப்படம். முதல் முறை விண்ணப்பிப்பவர் நேரில் போய்த்தான் கொடுக்க வேண்டும்.

இதில் ஆசிரியர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. வருமானம் என்றால் இன்றைய வருமானம் இல்லை, விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய 12 மாத வருமானம். தனி ஆளுக்கு வரம்பு ஆண்டுக்கு 10,300 யூரோவை ஒட்டி, ஒவ்வொரு ஏப்ரலிலும் சற்று மாறும். நேற்றுவரை சம்பளம் வாங்கிய டீச்சர், இன்று கையில் ஒரு யூரோ இல்லாவிட்டாலும் வரம்பைத் தாண்டியவராகிவிடுவார். பலருக்கு இப்படி மறுத்துக் கடிதம் வந்ததைப் பார்த்திருக்கிறேன். உங்கள் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். ஏப்ரல் தொடக்கத்தில் விண்ணப்பித்தால், முந்தைய 12 மாதத்தில் ஆறு மாதச் சம்பளம் வரும், 8,400 யூரோ. ட்யூஷன் காசு மாதம் 200 என்றால் இன்னும் 1,200. மொத்தம் 9,600. உள்ளே வருகிறீர்கள். ட்யூஷன் காசை மறைக்காமல் எழுதுங்கள், உண்மையை எழுதியே கிடைக்கும்போது பொய் எதற்கு?

கிடைத்த அட்டை ஓராண்டு செல்லும். செக்யூ கட்டண அளவுக்கு 100 சதவீதம், முன்பணம் கிடையாது. முடிய இரண்டு மாதம் இருக்கும்போதே புதுப்பிக்கக் கொடுத்துவிட வேண்டும். அவசரமில்லாத சில அறுவைச் சிகிச்சைகளுக்கு, கண்புரை போன்றவற்றுக்கு, முதல்முறை பெறுபவர்கள் ஒன்பது மாதம் காத்திருக்க வேண்டும். புற்றுநோய்ச் சிகிச்சை அந்தப் பட்டியலில் இல்லை.

ஒரு காப்பீட்டுக்கும் இன்னொன்றுக்கும் இடையில் சில வாரம் வெறுங்கையாக நிற்க நேர்ந்தாலும் சிகிச்சையை நிறுத்தாதீர்கள். அரசு மருத்துவமனைகளில் ‘பாஸ்’ என்ற பிரிவு இருக்கிறது. 1998-ல் வந்த சட்டத்தால் உருவானது. காப்பீடு இல்லாதவரை மருத்துவரும் சமூகப் பணியாளரும் சேர்ந்து பார்க்கும் இடம். கார் து நோர் ரயில் நிலையத்தின் பக்கத்தில் லாரிபுவாசியேர், பொபினியில் அவிசென், சேன்-தெனியில் தெலஃபோந்தேன் எல்லாவற்றிலும் உண்டு. வரவேற்பில் “பாஸ்” என்று கேட்டாலே காட்டுவார்கள். காலையில் சீக்கிரம் போய்விடுங்கள்.

அண்ணன் சொன்னதற்கும் பதில் சொல்ல வேண்டும். ஊரில் போய்ச் சிகிச்சை எடுப்பது தோல்வி இல்லை. அம்மா பக்கத்தில் இருப்பதும் மருந்துதான். ஆனால் செல்லுபடியாகும் அட்டை இல்லாமல் நாட்டைவிட்டுப் போனால், திரும்பி வரப் புதிதாக விசா எடுக்க வேண்டும், இங்கே போட்ட விண்ணப்பமும் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். கட்டி என்னவென்று தெரிவதற்கு முன்னால் அந்த முடிவை எடுக்காதீர்கள். முதலில் ரிப்போர்ட், அப்புறம் டிக்கெட். அண்ணனிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

கேள்வி: டீச்சர், எங்கள் வீட்டில் ஒரு பரதநாட்டிய ஆசிரியை தங்கியிருக்கிறா. இந்தியாவிலிருந்து நிகழ்ச்சிக்கு 90 நாள் விசாவில் வந்தவ. விசா முடிந்து இரண்டு மாதம். என் மகளுக்கும் வேறு பிள்ளைகளுக்கும் ஆடக் கற்றுக்கொடுக்கிறா. இப்போது நாலு மாதக் கர்ப்பம், இன்னும் ஒரு டொக்டரிடமும் காட்டவில்லை. எங்கள் வீட்டில்தான் தங்கியிருக்கிறா என்று முகவரிக் கடிதம் நான் எழுதிக்கொடுத்தால் எங்கள் குடும்பத்துக்குச் சிக்கல் வருமென்று வீட்டுக்காரர் பயப்படுகிறார்.
— ஒரு தாய், லா கூர்னேவ்

பதில்: அம்மா, கடிதம் எழுதியதற்கே உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். கடிதப் பிரச்சினை இருக்கட்டும், அந்தப் பெண்ணை நாளைக்கே பே.எம்.ஈ. நிலையத்துக்குக் கூட்டிப்போங்கள். தாய்-சேய் நலத்துக்காக மாவட்டம் நடத்தும் நிலையம் அது. அங்கே கர்ப்பப் பரிசோதனை எல்லோருக்கும் இலவசம். உங்கள் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது நீங்களே தடுப்பூசிக்குப் போயிருப்பீர்கள், அதே இடம்தான்.

இவருக்கு ஆ.எம்.எ. உடனே கிடைக்காது. மூன்று மாதம் என்பது நாட்டுக்குள் வந்த நாளிலிருந்து இல்லை, விசா முடிந்த நாளிலிருந்து எண்ணுவது. ஆக இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. ஆனால் கர்ப்பிணியை அதுவரை காத்திருக்கச் சட்டம் சொல்லவில்லை. உயிருக்கு ஆபத்தான நிலை, தொற்றுநோய், கர்ப்பம், பிரசவம், கருக்கலைப்பு, பிறந்த குழந்தையின் சிகிச்சை இவையெல்லாம் ‘அவசரச் சிகிச்சை’ என்ற தலைப்பில் வரும். மூன்று மாதம் ஆகாவிட்டாலும் மருத்துவமனையின் செலவை அரசு நிதி ஏற்கும். இது மருத்துவமனைக்குள் நடப்பதற்கு மட்டும், தெருமுனை டாக்டருக்கும் மருந்துக்கடைக்கும் செல்லாது. அதனால் அரசு மருத்துவமனையின் மகப்பேற்றுப் பிரிவில் இப்போதே பெயரைப் பதியுங்கள். பாரிஸ் வட்டாரத்தில் இடம் சீக்கிரம் நிரம்பிவிடும், நாலு மாதம் என்பதே தாமதம். பதியும்போதே அங்குள்ள சமூகப் பணியாளரையும் பார்க்க வேண்டும் என்று கேட்டுவிடுங்கள். பிரசவத்துக்குப் பிறகு கையில் வரும் பில்லைப் பார்த்து அழுவதைவிட இது மேல்.

பிறக்கும் குழந்தைக்கு மூன்று மாதக் கணக்கே கிடையாது. தாயின் நிலை எதுவானாலும் பிள்ளைக்கு உடனே உரிமை உண்டு.

உங்கள் வீட்டுக்காரரின் பயத்தை நான் சின்னதாக நினைக்கவில்லை. பல வருடம் அலைந்து அட்டை வாங்கியவர்களுக்கு அது இழக்கக்கூடிய பொருள். பிரான்சின் அரசியலமைப்பு மன்றம் 2018 ஜூலை 6-ஆம் தேதி தந்த தீர்ப்பில், சகோதரத்துவம் அரசியலமைப்பு மதிப்புள்ள கொள்கை என்று சொன்னது. பதிலுக்கு எதுவும் வாங்காமல், மனிதாபிமானத்தால் ஒருவருக்கு இடமும் சோறும் கொடுப்பதைக் குற்றமாகத் தண்டிக்க முடியாது. பதிலுக்கு எதுவும் வாங்காமல் என்பதுதான் இங்கே முக்கியம். வாடகை வாங்குகிறீர்கள் என்றாலோ, நடன வகுப்பையே வாடகைக்கு ஈடாக வைத்திருக்கிறீர்கள் என்றாலோ, கையெழுத்துப் போடும் முன் லா சிமாத், ஜிஸ்தி போன்ற அமைப்புகளின் சட்ட ஆலோசகரிடம் ஒருமுறை பேசிவிடுங்கள்.

அப்படியும் வீட்டில் சமாதானம் ஆகாவிட்டால் சண்டை வேண்டாம். நகராட்சியின் சமூகநல அலுவலகத்திலோ அனுமதி பெற்ற சங்கத்திலோ தபால் முகவரி பெறலாம். அந்த முகவரியை ஆ.எம்.எ. விண்ணப்பத்துக்கு ஏற்பார்கள். உங்கள் பெயர் எந்தத் தாளிலும் வராது. அவர் உங்கள் வீட்டிலேயே சாப்பிட்டுத் தூங்கலாம்.

கேள்வி: நான் இசை ஆசிரியர். தாள் இல்லை. சர்க்கரை நோய் இருக்கிறது. என் சித்தப்பா மகன் தன் கார்த் வித்தாலைத் தருகிறேன் என்கிறான். மாத்திரை வாங்க மட்டும் பயன்படுத்தலாமா?
— வாசகர், பாரிஸ் 18

பதில்: வேண்டாம் தம்பி. பாசத்தில் தருகிறான் என்பது புரிகிறது. சட்டப்படி மோசடி, மாட்டினால் இரண்டு பேருக்கும் கேடு, அவனுடைய அட்டைப் புதுப்பிப்பும் சிக்கலாகலாம். அதைவிட எனக்குப் பெரிய பயம் வேறு. அந்தக் கார்டில் வாங்கும் ஒவ்வொரு மருந்தும் அவன் பெயரில் பதிவாகும். நாளைக்கு அவன் மயங்கி விழுந்து அவசரப் பிரிவுக்குப் போனால், சர்க்கரை நோயே இல்லாதவனைச் சர்க்கரை நோயாளி என்று நினைப்பார்கள். நீங்கள் விழுந்தால் உங்கள் பெயரில் ஒரு வரிகூட இருக்காது.

லா ஷப்பெலிலிருந்து லாரிபுவாசியேர் நடக்கும் தூரம். பாஸ் பிரிவுக்குப் போங்கள், மாத்திரையை மருத்துவமனை மருந்தகத்திலேயே தருவார்கள். மூன்று மாதம் தாண்டியிருந்தால் ஆ.எம்.எ. விண்ணப்பத்தையும் அங்கேயே எழுதிவிடலாம். இன்சுலின் போடுபவராக இருந்தால் இந்தப் பதிலைப் படித்து முடித்ததும் கிளம்புங்கள்.

கேள்வி: மருத்துவமனையில் பிரெஞ்சு மட்டும்தான் பேசுகிறார்கள். என் பத்து வயது மகனைக் கூட்டிப்போய் மொழிபெயர்க்கச் சொல்லலாமா?
— வாசகி, பொந்தி

பதில்: அவசரம் என்றால் வேறு வழியில்லை. மற்ற நேரத்தில் வேண்டாம். அம்மாவின் கர்ப்பப்பைக் கட்டியைப் பற்றி டாக்டர் சொல்வதை ஒரு பத்து வயதுப் பையன் முதலில் கேட்டு, அதைத் தமிழில் அம்மாவுக்குச் சொல்வதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். பாதியை அவன் சொல்லவில்லை. அம்மா அழுவாள் என்று விட்டுவிட்டான்.

பெரிய மருத்துவமனைகள் தொலைபேசி வழியாக மொழிபெயர்ப்பாளரை அழைக்கின்றன, தமிழுக்கும் ஆள் உண்டு. நேரம் வாங்கும்போதே “தமூல்” மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். பிரெஞ்சில் தமிழை அப்படித்தான் சொல்வார்கள். மருந்துகளின் பெயரை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். ஊரில் தந்த பழைய ரிப்போர்ட் இருந்தால் அதையும் எடுத்துப்போங்கள், ஆங்கிலத்தில் இருந்தாலும் டாக்டர்கள் படித்துக்கொள்வார்கள்.